கணக்கு சரியாகத்தான் இருந்தது

மூன்று நாட்களாக அந்த வாடையைத் தேடிக்கொண்டிருந்தேன். பழைய மீன் வாடை. வீட்டில் மீன் எதுவும் இல்லை. குப்பைக்கூடையைக் கழுவிக் காயவைத்தேன், கழுவுதொட்டியில் வெந்நீர் ஊற்றினேன், அலமாரிக்குப் பின்னால் எலி ஏதும் செத்துக் கிடக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தேன். மூன்றாவது நாள் மாலைதான் ஒன்று உறைத்தது. பகலில் அந்த வாடை வருவதே இல்லை. இருட்டிய பிறகு, நான் மேசையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் ஆனதும்தான் வருகிறது. குனிந்து மேசைக்கடியில் மூக்கை நீட்டினேன். சுவரில் செருகியிருந்த பிளக்கிலிருந்து வந்துகொண்டிருந்தது. விரல் பட்டதும் சுரீரென்று சுட்டது.

பிளக்கும் சாக்கெட்டும் செய்யும் சில வகைப் பிளாஸ்டிக்குகள் அளவுக்கு மீறிச் சூடாகும்போது இப்படித்தான் மீன் வாடை அடிக்கும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் முதல் நாளே மேசைக்கடியில் குனிந்திருப்பேன். இதைப் படிப்பவர்கள் மற்றதையெல்லாம் மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்: காரணம் தெரியாமல் வீட்டில் மீன் வாடை வந்தால், ஓடிக்கொண்டிருக்கும் பிளக்குகள் பக்கம் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள்.

அந்த பிளக்கை மாட்டியவன் நான். அதுதான் என்னை நாட்கணக்கில் தூங்கவிடாமல் செய்தது. மேசைக்கடியில் இருப்பது ஒரே ஒரு சாக்கெட். முதலில் ஒரு பத்து வாட்ஸ் விளக்கும், ஐம்பது வாட்ஸ் சிறிய மின்விசிறியும்தான் இருந்தன. ஒன்றைப் பிடுங்கி ஒன்றைச் செருகுவது சலித்துப்போய், இரண்டு ஒயர்களின் முனைகளையும் சேர்த்து முறுக்கி, ஒரே பிளக்கின் திருகுகளுக்கு அடியில் கொடுத்து இறுக்கிவிட்டேன். சேர்ந்து எரிந்தன, சேர்ந்து அணைந்தன. பல மாதங்கள் ஒரு தொந்தரவும் இல்லை. குளிர் கூடிய நாட்களில் மின்விசிறிக்கு வேலை இல்லை. அதைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ஆயிரம் வாட்ஸ் சிறிய ஹீட்டர் ஒன்றை இணைத்தேன். கம்பெனியிலிருந்து ஒயரோடு வார்த்துக் கொடுத்த பிளக் அதில் இருந்தது. அதை வெட்டி எறிந்துவிட்டு இணைத்தேன்.

வெட்டுவதற்கு முன் கணக்குப் போட்டுப் பார்த்தேன், சும்மா செய்யவில்லை. 1000 வாட்ஸ் ஹீட்டர், 10 வாட்ஸ் விளக்கு. மொத்தம் 1010. வீட்டில் வருவது 230 வோல்ட். வகுத்தால் சுமார் 4.4 ஆம்பியர். பிளக்கின் முதுகில் 6 ஆம்பியர் என்று அச்சடித்திருந்தது. இன்னும் ஒன்றரை ஆம்பியர் மிச்சம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். இன்று திரும்பப் போட்டுப் பார்த்தாலும் அந்தக் கணக்கில் தப்பில்லை. கணக்கு சரி, பிளக் கருகிவிட்டது. இரண்டும் எப்படி ஒன்றாக உண்மையாக இருக்க முடியும் என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை.

திருகுக்கு அடியில்

சுவிட்சை அணைத்து, ஆறவிட்டு, பிளக்கைப் பிடுங்கித் திறந்தேன். மூன்று பின்களில் ஒன்றின் அடிப்பாகம் மட்டும் பழுப்பும் நீலமுமாக நிறம் மாறியிருந்தது. அதைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் கருத்து, நகம் வைத்தால் பொடியாக உதிர்ந்தது. ஹீட்டர் ஒயரின் மேலுறை அரை அங்குல நீளத்துக்குக் காய்ந்து, வளைத்ததும் மடக்கென்று ஒடிந்தது. பக்கத்திலேயே இருந்த இன்னொரு பின் புதிதாக, பளபளவென்று இருந்தது. இரண்டிலும் ஓடியது ஒரே கரண்ட். லோடு அதிகமாகியிருந்தால் இரண்டும் சேர்ந்தல்லவா வெந்திருக்க வேண்டும்? இந்தக் கேள்வி வந்ததும்தான் நான் இத்தனை நாள் தவறான இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்ற சந்தேகமும் வந்தது.

வயரிங் வேலையில் முப்பது வருஷத்துக்கு மேல் இருக்கும் ஒருவரிடம் அந்த பிளக்கைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் என்னிடம் வாட்ஸ் கேட்கவில்லை. வெந்த முனையைக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்துவிட்டு, "எத்தனை இழையை வெட்டினீங்க தம்பி?" என்று கேட்டார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆமாம், வெட்டியிருந்தேன். ஹீட்டர் ஒயர் ஒரு சதுர மில்லிமீட்டர், அதில் மெல்லிய செப்பு இழைகள் 32. விளக்கின் ஒயர் அரை சதுர மில்லிமீட்டர், 16 இழைகள். இரண்டும் சேர்ந்து பின்னின் துளைக்குள் நுழையவில்லை என்று, ஹீட்டர் ஒயரிலிருந்து ஏழெட்டு இழைகளை நறுக்கிவிட்டேன். மிச்ச முனை பிரியாமல் இருக்கட்டும் என்று அதற்குச் சால்டரும் வைத்தேன், அதாவது பற்றவைக்கும் உலோகத்தை உருக்கிப் பூசினேன். அழகாக இருந்தது.

அவர் எதுவும் திட்டவில்லை. பையிலிருந்து புதிய பிளக் ஒன்றை எடுத்தார். தடித்த ஒயர்த் துண்டு ஒன்று, மெல்லிய ஒயர்த் துண்டு ஒன்று. இரண்டையும் ஒரே துளைக்குள் விட்டுத் திருகை நன்றாக இறுக்கி என் கையில் கொடுத்தார். "இழுங்க." மெல்லியது வெண்ணெயில் மயிர் வருவதுபோல் வந்துவிட்டது. மறுபடி மாட்டினார். இந்த முறை, "இழுக்காதீங்க, அப்படியும் இப்படியும் ஆட்டிட்டு அப்புறம் இழுங்க" என்றார். நாலு தடவை ஆட்டியதும் துளைக்குள் ஒயர்கள் புரண்டு, இந்தத் தடவை தடித்தது தொளதொளத்தது. கடைசியாகத் தடித்த ஒயரை மட்டும் தனியாக வைத்து இறுக்கிக் கொடுத்தார். பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தேன். பிளக்தான் கையோடு வந்தது, ஒயர் அசையவில்லை. "எவ்வளவு லோடுன்னு பார்த்தீங்க, சரி. அந்த லோடு எந்த இடத்தைத் தாண்டிப் போகுதுன்னு பார்க்கலையே" என்றார்.

அந்த மூன்று இழுப்புகளை நான் இன்னும் விரல்களில் உணர்கிறேன். ஒரு திருகின் முனை உருண்டையான இரண்டு பொருட்களை ஒரே நேரத்தில் சமமாக அழுத்த முடியாது. ஒன்றை அழுத்தும், மற்றது பக்கத்தில் ஒண்டிக்கொண்டு இருக்கும். எது அழுத்தப்படும், எது ஒண்டும் என்பதை மூடிய பிளக்குக்கு வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. விளக்கு எரிகிறதே என்று நினைக்கலாம். எரியத்தான் செய்யும். செப்பும் பித்தளையும் நாலு புள்ளிகளில் உரசிக்கொண்டிருந்தாலே பத்து வாட்ஸ் விளக்கு எரியும்.

விளக்கும் மின்விசிறியும் இருந்தபோது ஏன் ஒன்றும் ஆகவில்லை என்பதற்கும் இங்கேதான் பதில் இருந்தது. ஜேம்ஸ் ஜூல் 1840களின் தொடக்கத்தில், கண்ணாடிக் குழாயில் சுற்றிய கம்பியைத் தண்ணீருக்குள் வைத்துக் கரண்டை ஓடவிட்டு, தண்ணீர் எவ்வளவு சூடேறுகிறது என்று அளந்து கண்டுபிடித்தது இது: சூடு கரண்டின் அளவோடு ஏறுவதில்லை, கரண்டின் வர்க்கத்தோடு ஏறுகிறது. பள்ளியில் மனப்பாடம் செய்த சூத்திரம்தான், ஆனால் என் பிளக்கில் போட்டுப் பார்த்ததும் திடுக்கிட்டேன். தொளதொளத்த இணைப்பின் தடை அரை ஓம் என்று வைத்துக்கொள்வோம். விளக்கும் மின்விசிறியுமாக 60 வாட்ஸ், அதாவது 0.26 ஆம்பியர் ஓடினால், அந்த இடத்தில் பிறக்கும் சூடு ஒரு வாட்டில் முப்பதில் ஒரு பங்குதான். கை வைத்தாலும் தெரியாது. ஹீட்டருக்காக 4.35 ஆம்பியர் ஓடும்போது அதே அரை ஓமில் சுமார் ஒன்பதரை வாட்ஸ். கரண்ட் கூடியது பதினேழு மடங்கு, சூடு கூடியது இருநூற்று எண்பது மடங்கு. மூடிய பிளாஸ்டிக் டப்பாவுக்குள், ஒரு பயறு அளவு இடத்தில், மணிக்கணக்கில் ஒன்பதரை வாட்ஸ். வோல்டேஜ் 120 ஆக இருக்கும் நாடுகளில் இதே ஆயிரம் வாட்ஸுக்கு 8.3 ஆம்பியர் ஓடும், அங்கே இதே தொளதொளப்பு இன்னும் மூன்றரை மடங்குக்கு மேல் சுடும்.

அதோடு அது நிற்பதும் இல்லை. சூடானால் செம்பு விரிகிறது, ஆறினால் சுருங்குகிறது, ஒவ்வொரு தடவையும் பிடி இன்னும் கொஞ்சம் தளர்கிறது. சூட்டில் செம்பின் மேல் ஆக்சைடு படிகிறது, அது செம்பைப்போல் கரண்டைக் கடத்தாது, அதனால் தடை கூடுகிறது. தடை கூடினால் சூடு கூடுகிறது. நான் அழகுக்காக வைத்த சால்டரும் இதற்குத் துணை போயிருக்கிறது. சால்டர் மெத்தென்ற உலோகம். திருகின் அழுத்தத்துக்கு அடியில் மாதக்கணக்கில் இருந்தால் மெல்ல மெல்லப் பிதுங்கி விலகிக்கொள்ளும். நேற்று இறுக்கிய திருகு, யாரும் தொடாமலே இன்று தளர்ந்திருக்கும். இழைகள் சிதறாமல் இருக்க வேண்டுமானால் முனையில் மாட்டி நசுக்கும் சின்னக் குழாய்கள் இருக்கின்றன, லக் என்றும் ஃபெரூல் என்றும் கேட்டால் கிடைக்கும். அதுவும் இல்லையென்றால் வெறும் இழைகளை நன்றாக முறுக்கி மடித்துக் கொடுப்பதே சால்டரைவிட மேல்.

ஃபியூஸ் ஏன் போகவில்லை

இதுதான் எனக்கு ரொம்ப நாள் உறுத்தியது. கரண்ட் அதிகமானால் தானாக விழும் சுவிட்சான எம்.சி.பி. இருக்கிறது, எர்த் லீக்கேஜுக்கு, அதாவது கரண்ட் கசிந்தால் விழ, ஒரு பிரேக்கர் இருக்கிறது, இரண்டும் நல்லவைதான். மூன்று நாள் பிளக் வெந்துகொண்டிருக்க, இரண்டும் ஏன் சும்மா இருந்தன? யோசித்துப் பார்த்தால், அவற்றுக்குத் தெரியவே வாய்ப்பில்லை. எம்.சி.பி. பார்ப்பது கரண்ட் அதிகமாகிறதா என்பதை. தொளதொளத்த இணைப்பு கரண்டைக் கூட்டுவதில்லை, ஒரு நூல் குறைக்கவே செய்யும். லீக்கேஜ் பிரேக்கர் பார்ப்பது போன கரண்ட் முழுதாகத் திரும்பி வருகிறதா என்பதை. சாதாரணமாக வீடுகளில் 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்தால் தட்டிவிடும். என் பிளக்கில் ஒரு மில்லி ஆம்பியரும் எங்கும் கசியவில்லை. போன வழியிலேயே ஒழுங்காகத் திரும்பி வந்தது, வழியில் ஒரு இடத்தைச் சுட்டுவிட்டு. பாதுகாப்பு இருக்கிறது என்ற தைரியத்தில் இருந்தவனுக்கு இது பெரிய அதிர்ச்சி.

இன்னொன்றும் தெரிந்தது. எம்.சி.பி. காப்பது சுவருக்குள் ஓடும் ஒயரை. நம் விளக்கின் மெல்லிய ஒயரைக் காப்பது அதன் வேலை இல்லை. 16 ஆம்பியர் எம்.சி.பி. என்றால் 16ஐத் தாண்டியதும் டப்பென்று விழுந்துவிடும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். வீட்டு எம்.சி.பி.களுக்கான சர்வதேச நெறியின்படி, எழுதியிருப்பதைப்போல் 1.13 மடங்கு வரை ஒரு மணி நேரத்துக்கு அது விழக்கூடாது. 1.45 மடங்கு போனால் ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தாக வேண்டும். அதாவது 23 ஆம்பியர்கூடச் சில வேளைகளில் ஒரு மணி நேரத்துக்குக் கிட்டே ஓடலாம். அரை சதுர மில்லிமீட்டர் ஒயர் தாங்குவது 3 ஆம்பியர். முழு ஷார்ட் ஆனால் எம்.சி.பி. கண்ணிமைப்பதற்குள் விழும், அதில் சந்தேகம் இல்லை. நடுத்தரமான கோளாறு ஒன்று வந்து, விளக்கின் ஒயரில் பத்து ஆம்பியர் ஓடினால் அது எட்டிக்கூடப் பார்க்காது.

பிரிட்டனில் 1947இல் நெறிப்படுத்திய பிளக்கில் இதற்காகவே உள்ளுக்குள் ஒரு சின்ன ஃபியூஸ் இருக்கும். விளக்கு போன்றவற்றுக்கு 3 ஆம்பியர், பெரியவற்றுக்கு 13 ஆம்பியர் என்று ஒயரைப் பார்த்து மாற்றிக்கொள்ளலாம். நல்ல யோசனை, எல்லா இடத்திலும் இருந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றும். ஆனால் அந்த பிளக்கிலும் இரண்டு ஒயர்களைக் கொடுத்தால் அந்த யோசனை குலைந்துவிடுகிறது. ஹீட்டர் ஓட வேண்டுமென்று 13 ஆம்பியர் ஃபியூஸ் போட்டால் விளக்கின் ஒயருக்குக் காவல் இல்லை, விளக்கைக் காக்க 3 போட்டால் ஹீட்டரின் 4.35 ஆம்பியருக்கு அது போதாது. ஒரு ஃபியூஸ் ஒரு ஒயருக்குத்தான் காவல் இருக்க முடியும்.

பிளக்குக்குள் ஒயரை அழுத்திப் பிடிக்கும் பட்டையையும் நான் கவனித்ததே இல்லை. இரண்டு சின்னத் திருகுகளோடு, ஒயர் நுழையும் வாயில் இருக்குமே, அது. அதுவும் ஒரே ஒயருக்காகச் செய்தது. இரண்டு ஒயர்களைக் கொடுத்தால் ஒன்று நசுங்கும், ஒன்று வழுக்கும். காலில் இடறினாலோ, நாற்காலிச் சக்கரம் ஏறினாலோ, அந்த இழுப்பெல்லாம் நேராகத் திருகுக்குப் போகும். அதனால்தான், உலோக உடம்பில் கரண்ட் ஏறினால் அதைத் தரைக்குக் கொண்டுபோகும் எர்த் ஒயரை மற்ற இரண்டையும்விடக் கொஞ்சம் நீளமாக விட்டு மாட்டுவார்கள். இழுபட்டால் கரண்டைக் கொண்டுவரும் பேஸும், திருப்பிக் கொண்டுபோகும் நியூட்ரலும் முதலில் கழன்று, எர்த் கடைசியில் கழல வேண்டும். நான் மூன்றையும் ஒரே நீளத்தில், சீராக வெட்டி மாட்டியிருந்தேன். ஹீட்டரின் உடம்போ உலோகம். எர்த் முதலில் கழன்றிருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை நினைக்கவே பிடிக்கவில்லை.

இப்போது மேசைக்கடியில்

பல சாதனங்கள், ஒரு சாக்கெட் என்ற தேவை மட்டும் அப்படியேதான் இருந்தது. அதை ஆசை என்று ஒதுக்கிவிட முடியாது, மேசையில் வேலை செய்கிற எல்லோருக்கும் உள்ளது. முதலில் ஹீட்டரைக் கூட்டணியிலிருந்து பிரித்தேன். சூடு உண்டாக்குவதற்கென்றே செய்த எதுவும், அது எவ்வளவு சிறியதாக இருந்தாலும், சுவர் சாக்கெட்டில் தனியாகத்தான் செருக வேண்டும் என்பது இப்போது என் வீட்டுச் சட்டம். ஹீட்டர், அயர்ன் பாக்ஸ், ஹேர் டிரையர், தண்ணீர் கொதிக்கவைக்கும் கெட்டில் எல்லாம் இதில் சேர்த்தி. எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலும் அவற்றுக்கு இடம் இல்லை. ஹீட்டருக்குப் புதிய 16 ஆம்பியர் பிளக் போட்டு, அதற்கு ஏற்ற சாக்கெட்டுக்குப் பக்கத்திலேயே என் நாற்காலியை நகர்த்திக்கொண்டேன். கொஞ்சம் இடைஞ்சல்தான்.

மிச்சம் இருப்பவை விளக்கு, ரவுட்டர், ஸ்பீக்கர், சார்ஜர். அத்தனையும் சேர்ந்து நூறு வாட்ஸைத் தொடாது. ரெடிமேட் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்று வாங்கி வைத்தால் முடிந்துவிடும், பெரும்பாலானவர்களுக்கு அதையே சொல்வேன். ஒன்றோடு ஒன்றைச் செருகிச் சங்கிலியாக நீட்டாமலும், மிச்ச ஒயரைச் சுருட்டிக் கட்டி வைக்காமலும் இருந்தால் போதும். சுருட்டிய ஒயரில் உள்சுற்றுகளின் சூடு வெளியே போக வழியில்லை. எனக்கு விளக்கும் ஸ்பீக்கரும் ஒரே சுவிட்சில் வர வேண்டும் என்ற விருப்பம் போகவில்லை. அதனால் மூடியுள்ள ஒரு சின்ன இணைப்புப் பெட்டியை அந்த வயரிங்காரரோடு உட்கார்ந்து செய்தேன். சுவரிலிருந்து பெட்டிக்கு ஒன்றரை சதுர மில்லிமீட்டர் ஒயர் ஒன்று, முனையில் பிளக் ஒன்று. அந்த பிளக்குக்குள் போவது அந்த ஒற்றை ஒயர்தான். பிரிவதெல்லாம் பெட்டிக்குள் நடக்கிறது. உள்ளே நெம்புகோல் வைத்த கனெக்டர்கள். பேஸுக்கு ஒன்று, நியூட்ரலுக்கு ஒன்று, எர்த்துக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் ஒரு துளைக்கு ஒரு ஒயர்தான், ஒவ்வொரு துளைக்கும் தனி ஸ்பிரிங். தடித்ததும் மெல்லியதும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தாலும் ஒன்றின் பிடியை ஒன்று கெடுப்பதில்லை. ஒயர் நுழையும் ஒவ்வொரு வாயிலும் ஒயரை இறுக்கிப் பிடிக்கும், அதனதன் தடிமனுக்கேற்ற கிளாண்டு. மெல்லிய ஒயர்களுக்குக் காவலாகப் பெட்டிக்குள் 3 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று, பேஸ் வழியில்.

மாட்டி முடித்ததும் ஒவ்வொரு ஒயரையும் இழுத்துப் பார்க்கச் சொன்னார். ஆட்டி, திருப்பி, மறுபடி இழுத்து. ஒன்றுகூட அசையவில்லை. ஒரு வாரம் கழித்து நானே திறந்து மறுபடி இழுத்துப் பார்த்தேன்.

சார்ஜர்களைக் குறைத்தது தனிக் கதை. ரவுட்டரும் ஸ்பீக்கரும் இரண்டுமே 12 வோல்ட்டில் ஓடுபவை, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆம்பியர். மூன்று ஆம்பியர் கொடுக்கும் ஒரே அடாப்டரிலிருந்து இரண்டுக்கும் பிரித்துக் கொடுத்தேன். வோல்ட் ஒன்றாக இருக்க வேண்டும், ஆம்பியர்களின் கூட்டல் அடாப்டரின் அளவுக்குள் இருக்க வேண்டும், சாதனத்தில் செருகும் அடாப்டர் முனையின் நடுவில் வருவது பிளஸ்தானா என்று முத்திரையைப் பார்க்க வேண்டும். பிரிக்க வேண்டுமானால் 12 வோல்ட் பக்கத்தில் பிரிப்பதே எனக்கு மனநிம்மதி. அங்கே தவறு நடந்தாலும் ஷாக் அடிக்காது. ஆனால் தொளதொளப்பு அங்கேயும் சுடும், ஜூல் கண்டது வோல்டேஜைப் பார்ப்பதில்லை.

போன மாதம் நண்பர் ஒருவரின் வீட்டில் மேசைக்கடியில் ஒரு பிளக்கிலிருந்து இரண்டு ஒயர்கள் கிளம்புவதைப் பார்த்தேன். ஒன்று வெள்ளை, ஒன்று கறுப்பு. பேச வந்த விஷயம் எனக்கு மறந்துவிட்டது. ஸ்க்ரூ டிரைவர் இருக்கிறதா என்று கேட்டேன். "ரெண்டுமே சின்ன லைட்டுப்பா, இருபது வாட்ஸ்கூட வராது" என்றார். அவர் சொன்னது உண்மைதான். சரி, பிடுங்கித் திறந்து பார்ப்போம் என்றேன். மூடியைத் தூக்கியதும், யாரும் இழுக்காமலே, வெள்ளை ஒயரின் நியூட்ரல் முனை திருகை விட்டு வெளியே வந்து மூடியோடு தொங்கியது. இருவரும் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். அப்புறம் அவர் எழுந்துபோய் அலமாரியிலிருந்து இன்னொரு பிளக்கை எடுத்து வந்தார்.